பந்தில் அரசியல் இல்லை என்போர்க்கு: ஜூலியஸ் ஹிர்ஷின் வாழ்வு குறித்து

விளையாட்டு வேறு, அரசியல் வேறு. ஒன்றை மற்றொன்றுடன் கலத்தல் தகாது என்னும் கூற்று உலகெங்கிலும் விளையாட்டுச் சங்க மேடைகளில் ஒலிப்பது. கூறுவோர் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றனர். மைதானத்தில் இறங்கும் 22 பேரும் தத்தம் மதத்தையும் இனத்தையும் எல்லைக்கோட்டுக்கு வெளியே விட்டு வருகின்றனர் என்பதும், பந்து எவரிடமும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதும் அவர்கள் வாதம். பந்து கேட்பதில்லை என்பது உண்மையே. ஆனால் கழகத்தின் செயலாளர் கேட்பார். உறுப்பினர் பதிவேட்டை வைத்திருப்பவர் கேட்பார். அவ்வாறு அவர்கள் கேட்ட வரலாறு ஒன்று உண்டு. ஜேர்மன் தேசிய உதைபந்தாட்ட அணியின் இடப்புற முன்னணி வீரராக விளங்கிய ஜூலியஸ் ஹிர்ஷின் வாழ்க்கையில் அவ்வரலாறு முழுவதையும் காணலாம்.

ஹிர்ஷ் 1892 ஏப்ரல் 7ஆம் தேதி பாடன் மாநிலத்து ஆகெர்ன் என்னும் சிற்றூரில் யூத வணிகர் குடும்பமொன்றிற் பிறந்தவர். பத்து வயதில் கார்ல்ஸ்ரூ உதைபந்தாட்டக் கழகத்திற் சேர்ந்தார். 1909இல் முதல் அணியில் இடம் கிடைத்தது. அக்காலத்தில் அக்கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் டவுன்லி பயிற்றுநராயிருந்தார். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு அதன் பின்னே ஓடும் முரட்டு ஆட்டத்தைக் கைவிட்டு, குறுந்தூரம் விரைவாகக் கைமாற்றி முன்னேறும் முறையை அவர் கற்பித்தார். ஃபோர்டெரர், ஃபுக்ஸ், ஹிர்ஷ் ஆகிய மூவரும் கார்ல்ஸ்ரூவின் முன்வரிசையாக நின்று ஆடிய ஆட்டம் தென் ஜேர்மனி முழுவதும் பேசப்பட்டது. 1910ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கீல் நகரின் ஹோல்ஸ்டைன் கழகத்தை நீடிப்பு நேரத்தில் 1–0 என வென்று கார்ல்ஸ்ரூ ஜேர்மன் சம்பியனாயிற்று. ஹிர்ஷுக்கு அப்போது வயது பதினெட்டு.

1911 டிசம்பரில் ஹங்கேரிக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முதல் ஆடினார். 1912 மார்ச் 24ஆம் தேதி நெதர்லாந்தின் ஸ்வொல்லே நகரில் நடைபெற்ற ஆட்டம் 5–5 என முடிவுற்றது. ஜேர்மனியின் ஐந்து கோல்களில் நான்கு ஹிர்ஷ் அடித்தவை. ஒரே சர்வதேச ஆட்டத்தில் நான்கு கோல்களை அடித்த முதல் ஜேர்மானியர் அவரே. அவ்வாண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கிலும் அவர் ஆடினார். அங்கே அவரது கழகத் தோழரும் அவரைப்போலவே யூதருமான கொட்ஃபிரீட் ஃபுக்ஸ், ருஷ்யாவை 16–0 என வென்ற ஆட்டத்தில் தனியொருவராகப் பத்துக் கோல்களை அடித்தார். ஒரு சர்வதேச ஆட்டத்தில் பத்துக் கோல் என்னும் அந்த எண்ணிக்கையை 2001ஆம் ஆண்டு வரை எவரும் தாண்டவில்லை. ஜேர்மன் தேசிய அணியில் ஆடிய யூதர்கள் இவ்விருவர் மட்டுமே என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பின்னர் ஹிர்ஷ் ஃபூர்த் கழகத்துக்கு மாறினார். 1914இல் லைப்சிக் அணியை நீடிப்பு நேரத்தில் 3–2 என வென்று ஃபூர்த்தும் சம்பியனாயிற்று. இரு வேறு கழகங்களுடன் சம்பியன் பட்டம் பெற்றவர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. இரண்டு மாதங்களில் உலக யுத்தம் மூண்டது. ஹிர்ஷ் நான்கு ஆண்டுகள் இராணுவத்தில் பணியாற்றி இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றார். அவர் சகோதரர் ஒருவர் 1918இல் போர்முனையில் மாண்டார். அந்த யுத்தத்தில் ஜேர்மனிக்காக உயிர்நீத்த யூதப் போர்வீரர் ஏறத்தாழ 12,000 பேர். யுத்தம் முடிந்ததும் ஹிர்ஷ் கார்ல்ஸ்ரூ கழகத்துக்கே மீண்டார். 1923 வரை ஆடினார். அதன்பின் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அவர் அக்கழகத்துக்கு அளித்த ஆண்டுகள் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி எனலாம்.

இனி 1933 ஏப்ரல் மாதத்தை நாள்வாரியாக நோக்குதல் தகும். 1ஆம் தேதி யூதக் கடைகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கத்தை நாஸிகள் நடத்தினர். 7ஆம் தேதி (அன்று ஹிர்ஷின் நாற்பத்தோராவது பிறந்த நாள்) அரசாங்க சேவையிலிருந்து யூதர்களை நீக்கும் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 9ஆம் தேதி தென் ஜேர்மனியின் பதினான்கு பெருங்கழகங்கள் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து ஓர் அறிக்கை விடுத்தன. புதிய தேசிய அரசாங்கத்துடன் மகிழ்வோடும் உறுதியோடும் ஒத்துழைக்கத் தாம் ஆயத்தமாயிருப்பதாகவும், சிறப்பாக விளையாட்டுக் கழகங்களிலிருந்து யூதர்களை அகற்றும் விடயத்தில் ஆவன செய்வதாகவும் அவை கூறின. ஒப்பமிட்டவற்றுள் மியூனிக்கின் பயேர்ன் கழகம் உண்டு. நூரென்பேர்க், ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபேர்ட், கைசர்ஸ்லவுட்டேர்ன் ஆகியவை உண்டு. கார்ல்ஸ்ரூவும் ஃபூர்த்தும் உண்டு. எந்த இரு கழகங்களுக்குச் சம்பியன் பட்டம் ஈட்டித் தந்தாரோ அவ்விரண்டும் ஹிர்ஷை வெளியேற்ற ஒரே தாளில் ஒப்பமிட்டன.

அன்றைய நிலையில் விளையாட்டுக் கழகங்கள் யூதர்களை நீக்கவேண்டுமென எச்சட்டமும் விதிக்கவில்லை. நாடு முழுவதற்குமான விளையாட்டு ஆணையாளர் என ஒருவர்கூட இன்னும் இருக்கவில்லை. ஃபொன் சாமர் உண்ட் ஒஸ்டன் அப்பதவிக்கு நியமிக்கப்பட்டது ஏப்ரல் 28ஆம் தேதியே. ஆணையிட ஆளில்லாத காலத்திலேயே ஆணையை நிறைவேற்றிவிட்டனர். இதனினும் வெட்கத்துக்குரியது மற்றொன்று. ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டத்தில், முதலாம் உலக யுத்தத்தில் போர்முனையில் நின்றவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. முதிய ஜனாதிபதி ஹிண்டன்பேர்க்கின் வற்புறுத்தலால் ஹிட்லரின் அரசாங்கம் விட்டுக்கொடுத்த விலக்கு அது. இரும்புச் சிலுவை பெற்ற யூத எழுதுவினைஞர் ஒருவர் அச்சட்டத்தின்படி தற்காலிகமாகவேனும் தம் மேசையில் அமர்ந்திருக்க முடிந்தது. உதைபந்தாட்டக் கழகங்களின் அறிக்கையில் அத்தகைய விலக்கு எதுவுமில்லை. நாஸிச் சட்டத்தையும் மிஞ்சினர், அரசியலற்ற விளையாட்டு அன்பர்கள்.

ஹிர்ஷ் இச்செய்தியைத் தபாலிலோ தோழர் வாயாலோ அறியவில்லை. 10ஆம் தேதிப் பத்திரிகையில் வாசித்தறிந்தார். அன்றே கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 1902 முதல் உறுப்பினராயிருக்கும் கழகத்திலிருந்து கனத்த மனத்துடன் விலகுவதாகத் தெரிவித்தார். இன்று வெறுக்கப்படும் யூதர்களிடையேயும் கண்ணியமானவர்கள் உளர், நாட்டுப்பற்றைச் சொல்லாலன்றிச் செயலாலும் சிந்திய இரத்தத்தாலும் நிறுவியவர்கள் உளர் என்று குறிப்பிட்டார். நீக்கப்படுமுன் தாமே விலகி, நீக்கும் சங்கடத்திலிருந்தும் அவர் தம் கழகத்தைக் காத்துவிட்டார். குடும்ப வணிக நிறுவனம் நொடிந்துபோயிருந்த அவ்வாண்டின் தொடக்கத்தில், வருவாயிழந்த மனிதர் எழுதிய கடிதம் அது.

அகற்றப்பட்டவர்கள் ஒதுக்குப்புறத்து உறுப்பினர்கள் சிலர் என எண்ணிவிடலாகாது. பயேர்ன் கழகம் தன் முதற் சம்பியன் பட்டத்தை 1932இல், யூதரான தலைவர் குர்ட் லண்டவரின் கீழ், யூதரான பயிற்றுநர் ரிச்சர்ட் கோனின் வழிகாட்டலிற் பெற்றது. லண்டவர் 1933 மார்ச் 22ஆம் தேதி பதவி துறந்தார். 1938இல் டகவ் முகாமில் அடைக்கப்பட்டார். இவர்கள் எவரையும் விட வால்டர் பென்செமானின் நிலை எண்ணத்தக்கது. கார்ல்ஸ்ரூ கழகத்தை 1891இல் தோற்றுவித்தவர் அவரே. 1900ஆம் ஆண்டு லைப்சிக்கில் ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனம் உருவான கூட்டத்திலும் இருந்தார். 1920இல் ‘கிக்கர்’ என்னும் விளையாட்டுப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் ஜேர்மானியரையும் பந்தின் வழியாக நண்பர்களாக்கலாம் என வாழ்நாளெல்லாம் நம்பியவர். 1933இல் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். மறு ஆண்டு அங்கேயே இறந்தார். அவர் தோற்றுவித்த கழகம் அவர் இனத்தவரை வெளியேற்ற ஒப்பமிட்டது; அச்செய்தியை அவர் தோற்றுவித்த பத்திரிகை அச்சிட்டது.

ஏன் இத்தனை அவசரம்? வெறும் அச்சம் என்றால் மௌனமே போதுமாயிருந்திருக்கும். உண்மைக் காரணத்தை அக்கழகங்களின் நலனிலே தேடுதல் வேண்டும். 1933க்கு முன் ஜேர்மனியில் உதைபந்தாட்டம் ஒரே சம்மேளனத்தின் உடைமையாயிருக்கவில்லை. தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் தனியே இயங்கியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் சொந்த மைதானங்களும் தனிச் சம்பியன் போட்டியும் அதற்கு இருந்தன. கத்தோலிக்க இளைஞர் அமைப்புகளும் தத்தம் போட்டிகளை நடத்தின. நாஸிகள் தொழிலாளர் சங்கத்தை 1933இலேயே கலைத்தனர். போட்டியாளர் ஒழிந்ததால் ஆதாயம் எவருக்குக் கிட்டியதென்பதை விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி சம்மேளனம் விடுத்த அறிவித்தல் பொறுப்பான பதவிகளில் இருத்தற்கு உகந்தவரல்லர் என இரு சாராரை ஒருங்கே சுட்டியது: யூதர், மார்க்சியர். இவ்விரு சொற்களும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றதில் தற்செயல் எதுவுமில்லை. மத்தியதர வர்க்கத்தினரின் சம்மேளனம் தன் ஏகபோகத்துக்குச் செலுத்திய விலையில் ஹிர்ஷும் ஒரு பகுதி.

அச்சம்மேளனம் அதற்கு முன்னரும் எக்காலத்தும் அரசியலற்றிருந்ததில்லை. பட்டத்து இளவரசர் வழங்கிய கிண்ணத்துக்கு அது போட்டி நடத்தியது. இளைஞரை இராணுவ சேவைக்கு ஆயத்தஞ்செய்யும் நோக்கில் 1911இல் தோன்றிய இளைஞர் பேரவையில் இணைந்தது. இவை அரசியலெனக் கருதப்படவில்லை. தொழிலாளி ஒருவன் செங்கொடிச் சின்னத்துடன் மைதானத்தில் இறங்கினால் மட்டுமே அது அரசியலாயிற்று. ஆள்வோரின் அரசியல் காற்றைப்போலச் சூழ்ந்திருப்பதால் அதனைச் சுவாசிப்போர் அறிவதில்லை. 1925 முதல் சம்மேளனத்தின் தலைவராயிருந்த ஃபீலிக்ஸ் லின்னெமான் ஒரு பொலிஸ் அதிகாரி. யுத்த காலத்தில் ஹனோவர் நகரக் குற்றப்புலனாய்வுப் பொலிஸின் தலைமையிலிருந்து, சிந்தி, ரோமா மக்கள் நாடுகடத்தப்பட்டமைக்குப் பொறுப்பாயிருந்தவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருந்த மனிதரும் திங்கட்கிழமை அலுவலகத்தில் இருந்த மனிதரும் ஒருவர்தாம்.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. சர்வாதிகாரத்தின் கீழ் சாதாரண கழகச் செயலாளர் ஒருவர் என்ன செய்திருக்க முடியும்? எதிர்த்திருந்தால் அவரும் டகவ்வுக்குப் போயிருப்பார் அல்லவா? இம்மறுப்பு 1938ஆம் ஆண்டுக்குப் பொருந்தலாம். 1933 ஏப்ரல் 9ஆம் தேதிக்குப் பொருந்தாது. அன்று எவரும் அவரை எதிர்க்கும்படி கேட்கவில்லை; எதுவும் செய்யும்படியே கேட்கவில்லை. சும்மா இருத்தல் அன்று சட்டவிரோதமன்று. பதினான்கு கழகங்களின் பிரதிநிதிகள் கூடி, வாசகம் அமைத்து, ஒப்பமிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிய செயலைக் கட்டாயம் என்பது சொல்லின் பொருளையே திரிப்பதாகும்.

2005ஆம் ஆண்டு சம்மேளனமே கேட்டுக்கொண்டதற்கிணங்க வரலாற்றாசிரியர் நில்ஸ் ஹாவெமான் எழுதிய ஆய்வுநூல் வெளியாயிற்று. சம்மேளன நிர்வாகிகளை இயக்கியது நாஸிக் கொள்கைப்பற்று என்பதிலும் பார்க்கப் பொருளாதார நலனும் சந்தர்ப்பவாதமுமே என்பது அந்நூலின் மையக் கருத்து. கடும் விவாதத்தையும் அது கிளப்பியது. சான்றுகளைத் திரட்டியமையில் அந்நூல் செய்த பணி பெரிது. ஆயினும் அதன் முடிவை ஆறுதலாக ஏற்போர் உளர்; பாவம், அவர்கள் கொலைகாரர் அல்லர், கணக்குப் பார்த்தவர்கள் மட்டுமே என்பது அவ்வாறுதல். யூதரை மனமார வெறுத்தவன் வெளியேற்றினாலும், வெறுப்பேதுமின்றி வரவுசெலவு பார்த்தவன் வெளியேற்றினாலும், கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு வேறுபாடு யாது? வெறியர்கள் எந்நாட்டிலும் சிலரே. வெறுப்பில்லாத கணக்காளர்களின் ஒத்தாசையே அச்சிலரை வல்லவர்களாக்கியது.

வெளியேற்றப்பட்ட ஹிர்ஷுக்கு நேர்ந்ததைச் சுருங்கக் கூறலாம். யூதர்களுக்கெனத் தனித்து இயங்கிய கார்ல்ஸ்ரூ விளையாட்டுக் கழகத்தில் சிலகாலம் பயிற்சியளித்தார். நிலையான தொழில் கிட்டவில்லை. 1938இல் பிரான்சுக்குச் சென்று திரும்பும் வழியில் மனமுடைந்து தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அவர் மனைவி கிறிஸ்தவர். தம்முடன் வாழ்ந்தால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆபத்து என்றெண்ணி 1939இல் விவாகரத்துச் செய்துகொண்டார். ஸ்வொல்லேயில் நான்கு கோல் அடித்தவர், தம் நகரத்தின் குப்பை கொட்டும் மேட்டிற் கட்டாய வேலை செய்தார். 1943 மார்ச் 1ஆம் தேதி கார்ல்ஸ்ரூ புகையிரத நிலையத்திலிருந்து அவுஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார். மகளின் பதினைந்தாவது பிறந்த நாளுக்கு வாழ்த்துக் கூறும் தபாலட்டையொன்று மார்ச் 3ஆம் தேதி டோர்ட்மண்ட் தபால் முத்திரையுடன் வந்து சேர்ந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. 1945 பெப்ரவரியில் பிள்ளைகள் இருவரும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். மே மாதம் செஞ்சேனை வந்து விடுவித்தது. 1950இல் கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் ஹிர்ஷ் இறந்துவிட்டாரென அறிவித்தது. இறந்த நாள் தெரியாமையால் 1945 மே 8 எனக் குறித்தது. சட்டத்தின் கண்ணில் அவர் யுத்தம் முடிந்த நாளன்று இறந்தார்.

அதற்கு முன்னரே அவர் மற்றொரு முறையில் அழிக்கப்பட்டிருந்தார். 1939இல் ‘கிக்கர்’ வெளியிட்ட தேசிய வீரர் படத்தொகுப்பில் ஹிர்ஷும் இல்லை, ஃபுக்ஸும் இல்லை. பத்துக் கோல் அடித்தவரை விட்டுவிட்டுக் கோல் கணக்கு எழுதுவது எவ்வாறு இயன்றதென்பது வியப்பே. புள்ளிவிவரம் பொய் சொல்லாதென விளையாட்டு அன்பர்கள் நம்புவதுண்டு.

நாஸிகள் வீழ்ந்ததும் இவையெல்லாம் சீர்ப்பட்டன எனக் கொள்ளுதற்கில்லை. ஃபுக்ஸ் 1937இல் ஜேர்மனியை விட்டகன்று, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் வழியாகக் கனடாவை அடைந்து, பெயரையும் ஆங்கில முறைப்படி மாற்றிக்கொண்டு மொன்றியலில் வாழ்ந்தார். 1954இல் மேற்கு ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் பெற்றுத்தந்த பயிற்றுநர் செப் ஹெர்பேர்கர், சிறுவயதில் ஃபுக்ஸின் ஆட்டத்தைக் கண்டு மெய்மறந்தவர். ஹெர்பேர்கரும் 1933இல் நாஸிக் கட்சியிற் சேர்ந்தவரே. அதனை மறைத்தல் ஆகாது. ஆயினும் முதுமையில் அவர் ஒரு நற்காரியம் செய்ய முயன்றார். 1972 மே மாதம் மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் திறப்பாட்டமாகச் சோவியத் யூனியனுக்கு எதிரான ஆட்டம் நிகழவிருந்தது. ருஷ்யாவுக்கு எதிராகப் பத்துக் கோல் அடித்தவரை அதற்குக் கௌரவ விருந்தினராக அழைக்கும்படி அவர் சம்மேளனத்துக்கு எழுதினார். சம்மேளனத்தின் நிர்வாகக்குழு இணங்கவில்லை. நிதிநிலை இடந்தராது என்றது. ஒருவரை அழைத்தால் அது முன்னுதாரணமாகிவிடும் என்றது. முன்னுதாரணமாம்! தேசிய அணியில் ஆடிய யூதர் இருவர், ஒருவர் கொலையுண்டார். எஞ்சிய ஒருவரை அழைப்பது எத்தனை பேருக்கு முன்னுதாரணமாகியிருக்கும்? குழு முடிவெடுக்குமுன்னரே, 1972 பெப்ரவரி 25ஆம் தேதி, ஃபுக்ஸ் மொன்றியலிற் காலமாகிவிட்டார். அச்செய்தியும் அவர்களை எட்டியிருக்கவில்லை. ஆட்டம் குறித்தபடி நடந்தேறியது. ஜேர்மனி 4–1 என வென்றது. நான்கையும் கேர்ட் முல்லர் அடித்தார். ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த முதல் ஜேர்மானியரின் பெயர் அன்று எவர் நினைவிலும் வந்திருக்குமா என்பது ஐயமே.

2005 முதல் சம்மேளனம் ஆண்டுதோறும் ஜூலியஸ் ஹிர்ஷ் பரிசை வழங்கி வருகின்றது. இனவெறிக்கும் யூத எதிர்ப்புக்கும் எதிராகப் பாடுபடுவோர்க்கு உரிய பரிசு அது. இதனைக் குறைகூறுதல் நன்றன்று. ஆயினும் ஹிர்ஷைப் பற்றிய புகழுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொனி உண்டு: ஏழு சர்வதேச ஆட்டங்கள், நான்கு கோல்கள், இரண்டு சம்பியன் பட்டங்கள், இரும்புச் சிலுவை, இத்தகையவரையுமா கொன்றார்கள்? இக்கேள்விக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. இரும்புச் சிலுவை பெறாதவரைக் கொன்றிருந்தால் வியப்புக் குறைந்திருக்குமா? நாட்டுப்பற்றை நிறுவியவருக்கே வாழ உரிமை என்பது, ஹிண்டன்பேர்க் கேட்டு வாங்கிய விதிவிலக்கின் தருக்கமேயன்றி வேறன்று. ஹிர்ஷ் தம் கடிதத்தில் அத்தருக்கத்தைக் கைக்கொண்டார். நெருக்கப்பட்ட மனிதரிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. இன்று நினைவுகூர்வோர்க்கு அந்த நெருக்கடி இல்லை.

நூரென்பேர்க் கழகத்தின் பழைய உறுப்பினர் அட்டைகள் 2021இல் அக்கழகத்தின் களஞ்சிய அறையொன்றிற் கண்டெடுக்கப்பட்டன. 1933 ஏப்ரல் 30ஆம் தேதியுடன் நீக்கப்பட்ட யூத உறுப்பினர்களின் அட்டைகள் அவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டன, 142 பேர். அவர்களுட் பெரும்பாலானோர் எந்தக் கோலும் அடித்தவரல்லர். சந்தா செலுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதான ஓரத்தில் நின்று, தம் அணி வென்றால் மகிழ்ந்து, தோற்றால் வாடி வீடு திரும்பியவர்கள்.